மடிப்புக்கு அந்தப் பக்கத்து ஊர்

அன்பும் மரியாதையும் நிறைந்த லாரி மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகள் எழுதுவது. இங்கே நானும் என் பத்து விரல்களும் தையல் மெஷினும் நலம். வாய் மட்டும் வழக்கம்போல. அங்கே நீங்களும் அத்தையும் லாரியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். லாரிக்குப் புது டயர் போட்டதாக அம்மா சொன்னாள். என் சந்தோஷத்தை அதனிடம் தெரிவிக்கவும்.

மாமா, நேராக விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீங்கள் எந்தச் சரக்கோடு எங்கே இருந்தாலும் சரி, லாரியை எங்கள் தையல்கடை வாசலுக்குக் கொண்டுவந்து, ஹாரனை விடாமல் அடித்து, என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். காரணம் நீங்களே ஏதாவது சொல்லிக்கொள்ளுங்கள். எனக்குப் பல்வலி என்று மட்டும் சொல்லாதீர்கள், உள்ளே பல் டாக்டர் இருப்பார். வீட்டிலிருந்து கடிதம் வந்தது என்று சொல்லாதீர்கள், ரிட்டயரான தபால்காரர் ஒருவர் இருப்பார், முத்திரையைக் காட்டு என்பார். யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள் என்றும் சொல்லிவிடாதீர்கள், லிஃப்ட் மெக்கானிக் டூல் பையைத் தூக்கிக்கொண்டு நமக்கு முன்னால் லாரியில் ஏறிவிடுவார்.

இவர்களெல்லாம் ஒரு தையல்கடையில் உட்கார்ந்து என்ன செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். ஊரைக் காப்பாற்றுகிறார்கள். அந்த ஊரை வரைந்தவள் நான். தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

நீங்கள் என்னைக் கொண்டுவந்து விட்ட இந்தக் கடையில், கடைக்கார அக்கா துணி வெட்டும் மேஜையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். 'இதுல லாரியவே நிறுத்தலாம்' என்று சொன்னீர்கள். இந்தத் தெருவில் அவ்வளவு பெரிய மேஜை வேறு கிடையாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை கடை லீவு விட்டதும் அக்காவின் தம்பி தன் கூட்டாளிகளோடு வந்து அதைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார். அவர் கண்ணாடிக்கடையில் வேலை பார்க்கிறார். தெருவில் பாதிப் பேருக்கு அவர்தான் கண்ணுக்கு அளவு பார்த்துக் கண்ணாடி கொடுத்தார். அக்காவுக்கும் ஒன்று செய்துகொடுத்தார். அக்கா அதை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு, 'என் கண்ணுக்கு என்னடா குறை' என்று எல்லாவற்றையும் தடவிப் பார்த்தே வெட்டிக்கொண்டிருக்கிறார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அவர்கள் ஆடும் விளையாட்டை எப்படி விளக்குவதென்று தெரியவில்லை மாமா. கேரம் மாதிரி காய் இல்லை, சீட்டு மாதிரி கட்டு இல்லை. கண்ணாடி அண்ணன் ஒரு கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு ஆளாக இருப்பார்கள். 'கதவு பூட்டியிருக்கு, உள்ள யாரோ மூச்சு விடுற சத்தம், என்ன பண்றீங்க?' என்று அவர் கேட்பார். இவர்கள் என்ன பண்ணுகிறோம் என்று சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்பதை நிறைய முகம் வைத்த ஒரு பகடை முடிவு செய்யும். ஜெயித்தவர் தோற்றவர் என்று யாரும் இல்லை, வாராவாரம் கதை நீண்டுகொண்டே போகும். பல் டாக்டர் ஒரு அம்மா, சின்ன உருவம், எங்கள் கடைக் கதவின் மேல் தாழ்ப்பாள் அவருக்கு எட்டாது, வாரம் முழுக்க 'மெதுவா வாயைத் திறங்க' என்று பேசுகிறவர். ஞாயிற்றுக்கிழமை அவர் கோடாலி வைத்திருக்கும் ஒரு ராட்சசன். லிஃப்ட் மெக்கானிக்குக் கடாமீசை, நடந்தால் ஊசி டப்பா குலுங்கும். அவர் ஒரு நோஞ்சான் சூனியக்காரி. அந்தக் கிழவிக்கு இருமல் வேறு. முதல் வாரம் அவர் இருமினதைக் கேட்டு அக்கா நிஜமாகவே வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். தபால்காரர் வேலையில் இருந்த காலம் முழுக்க அடுத்தவர் கடிதத்தை வெளிச்சத்தில்கூடப் பிடித்துப் பார்த்ததில்லையாம். இங்கே அவர் திருடன், அதுவும் உண்மையே பேசாத திருடன்.

நான் ஒரே ஆளாக இருப்பதற்கே எவ்வளவு திணறுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். இவர்கள் பஸ்ஸில் வந்து இறங்கி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சர்வசாதாரணமாக இன்னொரு ஆளாகிவிடுகிறார்கள். யாரும் கேலி செய்வதில்லை. மேஜையைக் காலி செய்து கொடுத்துவிட்டு நான் மாடிக்குப் போய்விட வேண்டும் என்பது அக்காவின் உத்தரவு. நான் போவதில்லை. துணி போட்டுப் பார்க்கும் மறைப்பு இருக்கிறதே, அந்தத் திரைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு, பட்டன் தைக்கிற மாதிரி உட்கார்ந்துவிடுவேன். ஒரே சட்டைக்குப் பட்டன் தைத்துப் பிரித்து மறுபடி தைத்ததெல்லாம் உண்டு.

நான் பள்ளிக்கூடத்தை விட்ட கதை உங்களுக்குப் புதிதல்ல. எழுந்து நின்று பாடத்தை வாசி என்றால் எழுத்தெல்லாம் தெரியும், குரல் மட்டும் வராது, வகுப்பு மொத்தமும் காத்துக்கொண்டிருக்கும். வீட்டில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டபோது நீங்கள் ஒருவர்தான், 'தள்ளித் தள்ளி ஸ்டார்ட் பண்ணினா எந்த வண்டியும் உருப்படாது, அதுவா கிளம்பும்போது கிளம்பட்டும்' என்று சொன்னீர்கள். அந்த நம்பிக்கையில்தான் இப்போதும் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரு வாரம் கண்ணாடி அண்ணன் அவர்கள் போய்ச் சேரவேண்டிய ஊருக்கு ஒரு வரைபடம் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு வட்டம். அதற்குள் நாலு கட்டம்.

'இது ஊரா, சட்டைப் பட்டனா?' என்றார் தபால்காரர்.

'குடிக்கத் தண்ணி எங்க இருந்து வருது?' என்றார் பல் டாக்டர்.

'மந்திரம்.'

'சோறு?'

'அதுவும் மந்திரம்தான்.'

'அப்போ இவங்களை நாம எதுக்குக் காப்பாத்தணும்? மந்திரமே காப்பாத்தட்டும். வாங்க போகலாம்' என்று மெக்கானிக் எழுந்தே விட்டார்.

அண்ணன் முகம் தொங்கிப்போனது. உள்ளேயிருந்து அக்கா, 'ஏன்டா, கோடு போடத் தெரியலன்னா தெரிஞ்சவங்களைக் கேளேன். நம்ம மியூட்டு கை வெச்சா கோடு அப்படியே வழுக்கிட்டுப் போகும்' என்று குரல் கொடுத்தார். மியூட்டு என்றால் நான்தான். டிவி ரிமோட்டில் சத்தத்தை நிறுத்தும் பட்டன் உண்டே, அந்தப் பெயரை எனக்கு வைத்திருக்கிறார்கள். அண்ணன் திரையை விலக்கி, 'ஒரு ஊர் வரைஞ்சு தர்றியாம்மா?' என்றார். முடியாது என்று சொல்ல வாயைத் திறக்க வேண்டும். அதற்குள் தலை தானாக ஆடிவிட்டது.

பழுப்புக் காகிதத்தை விரித்து, முதலில் ஆற்றைப் போட்டேன். அக்குள் வளைவுக்கு நாங்கள் வைத்திருக்கும் கட்டையை வைத்து இழுத்ததால் ஆறு அழகாகத் திரும்பியது. ஆறு திரும்பும் இடத்தில் வேகம் இருக்கும், அங்கே மாவு அரைக்கும் சக்கரம் வைத்தேன். சக்கரம் இருந்தால் மூட்டை வரும், மூட்டை வந்தால் வண்டி வரும், வண்டிக்குச் சக்கரம் உடையும், எனவே கொல்லன் பட்டறை. பட்டறைச் சத்தத்துக்குப் பக்கத்தில் குழந்தை உள்ள வீடு இருக்காது, அதைத் தள்ளி வைத்தேன். நடுவில் சந்தை, கிணறு, மணிக்கூண்டு. மாமா, நான் யாரையும் கூப்பிடவில்லை. ஒரு கோடு போட்டால் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் தாமாக நடந்து வந்தார்கள். ஒரு வீட்டிலிருந்து கிணற்றுக்குப் பாதை போடும்போது கை நேராகப் போகாமல் பக்கத்து வீட்டைச் சுற்றி வளைந்துபோனது. ஏன் இப்படிச் சுற்றுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் தெரிந்தது, அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. கையில் இருந்தது ஒரு சாக்குக்கட்டி. அதற்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

அந்த மயக்கத்தில் ஒரு காரியம் செய்துவிட்டேன். சட்டைக்கோ கோட்டுக்கோ காகிதத்தில் அளவு போடும்போது நாங்கள் பாதிதான் வரைவோம். துணியை இரண்டாக மடித்து, காகிதத்தை மடிப்போரமாக வைத்து வெட்டிப் பிரித்தால் மறுபாதி தானே வந்துவிடும். முழுசாக வரைந்தால் அக்கா, 'பேப்பர் உங்க மாமா லாரியில வருதா?' என்று திட்டுவார். பாதியே வரைந்து பழகிய கை ஊரையும் பாதியாகவே வரைந்தது. மடிப்பு என்று காட்டப் புள்ளிக்கோடு போட்டது. தையலுக்கு விடும் இடத்துக்காக ஊரைச் சுற்றி இரட்டைக்கோடு, பொருத்துவதற்கு அடையாளமாக ஓரத்தில் முக்கோண வெட்டுகள், துணியின் நூல் ஓடும் திசைக்கு இரண்டு முனை வைத்த அம்பு, ஒன்றையும் விடவில்லை. சுருட்டிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

கண்ணாடி அண்ணன் முன்கூட்டியே பார்த்து வைக்கிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடியதும், 'மலை இறங்கி வர்றீங்க. ஒரே மூடுபனி. இப்ப பனி விலகுது. கீழே...' என்று இழுத்துக்கொண்டே விரித்தார். விரித்தவர் அப்படியே நின்றார். பாதி மணிக்கூண்டு, பாதிக் கிணறு, பாதிச் சந்தை, புள்ளிக்கோடு, அப்புறம் வெறும் மேஜை.

'பேப்பர் கிழிஞ்சிடுச்சா?' என்றார் மெக்கானிக்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். 'இல்ல. ஊர் அங்கேயே முடியுது.'

'முடியுதுன்னா?'

'முடியுது. அந்தக் கோட்டுக்கு அப்புறம் என்னன்னு உங்களுக்குத் தெரியல.' எனக்கும் தெரியவில்லை என்பது அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஆனால் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் அந்தக் கோட்டையே பார்த்தார்கள்.

பல் டாக்டர் மெதுவாகக் குனிந்தார். 'ஓரத்துல பாருங்க. முக்கோணம் முக்கோணமா வெட்டு. இது பல்லு. மேல்தாடை. கடிச்சு இழுத்திருக்கு.'

'எது?'

'மத்த பாதியைத் தின்னது எதுவோ, அது.'

மெக்கானிக் அம்பின்மேல் விரலை வைத்தார். 'மேலயும் போகுது, கீழயும் போகுது. எனக்குத் தெரிஞ்சு அப்படிப் போறது லிஃப்ட் ஒண்ணுதான்.'

'ராஜா காலத்துல ஏதுய்யா லிஃப்ட்?'

'ஏன், அவங்களுக்கு மட்டும் முட்டி வலிக்காதா?'

தபால்காரர் இரட்டைக்கோட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். 'இந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கிற இடம் எந்த விலாசத்துலயும் வராது. அங்க ஒளிஞ்சுக்கிட்டா என்னை எவனும் பிடிக்க முடியாது' என்று திருடன் குரலில் சிரித்தார். அப்புறம் பாதிக் கிணற்றில் வாளியை இறக்குகிறேன் என்றார். அண்ணன் பகடையை உருட்டிப் பார்த்துவிட்டு, 'பாதி வாளிதான் மேல வருது. ஆனா தண்ணி சிந்தல' என்றார். சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் பயந்துபோனார்.

திரைக்குப் பின்னால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உதடுகளுக்கு நடுவில் குண்டூசி வரிசை. என் தப்பு வெட்டவெளிச்சமாக மேஜையில் கிடக்கிறது, இந்தப் பெரியவர்கள் அதன் முன்னால் மூச்சடக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். வெட்கமாகவும் இருந்தது, அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று எனக்கே எட்டிப் பார்க்கத் தோன்றவும் செய்தது.

பல் டாக்டர் அந்த வளைந்த பாதைக்கு வந்தார். 'இவங்க ஏன் நேரா போகாம இந்த வீட்டைச் சுத்திக்கிட்டுக் கிணத்துக்குப் போறாங்க?'

'அது வந்து... மண்ணு சரியில்ல' என்றார் அண்ணன்.

'மண்ணுல என்ன?'

'ஈரம்.'

'பேச்சுவார்த்தை இல்ல' என்று ஒரு குரல் கேட்டது.

மாமா, அது என் குரல். ஊசிகளை எப்போது கையில் எடுத்தேன் என்று எனக்கு நினைவே இல்லை.

'திரைக்குப் பின்னால யாருடா அது!' என்று ராட்சசன் மேஜையைத் தட்டினான். பல் டாக்டர் கேட்டிருந்தால் மாடிக்கு ஓடியிருப்பேன். ராட்சசன் கேட்டதால் பதில் வந்துவிட்டது.

'அண்ணன் தம்பி. ஒரு கழுதைக்காகச் சண்டை.'

'கழுதை இப்ப யார்கிட்ட இருக்கு?'

'செத்துப்போச்சு.'

'அதுக்கு அப்புறமும் பேசலையா?'

'ம்.'

கிழவி இருமினாள். 'மத்த பாதி ஊரை எது தின்னுச்சுன்னு உனக்குத் தெரியுமா கண்ணு?'

'யாரும் தின்னல. மடிச்சிருக்கு. இன்னும் பிரிக்கல.'

நான் உள்ளதைத்தான் சொன்னேன். எங்கள் கடையில் இது தினமும் சொல்கிற வார்த்தை. ஆனால் தபால்காரர் காகிதத்திலிருந்து கையை எடுத்துவிட்டார், சுட்டதுபோல. அண்ணன் பகடையைக் கீழே வைத்தார். 'எனக்கு இதுக்கு மேல ஒண்ணும் தெரியாது. இது இவளோட ஊர். அடுத்த ஞாயித்துக்கிழமை நீ இங்க வந்து உக்காரும்மா. ஊர்க்காரங்க எல்லாருக்கும் நீதான் பேசணும். மத்த பாதியையும் நீயே பிரி' என்று தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பாழாய்ப்போன என் தலை மறுபடி ஆடிவிட்டது.

இது போதாதென்று புதன்கிழமை இன்னொன்று நடந்தது. பல் டாக்டருக்கு வெள்ளைக் கோட்டு தைக்க வேண்டியிருந்தது. நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா துணியை மடித்துப் போட்டு, சுருட்டி வைத்திருந்த காகிதங்களில் ஒன்றை உருவி, மடிப்போரம் சரியாக வைத்து, தடவிப் பார்த்து, கத்தரியை விட்டார். அது என் ஊர். 'அக்கா' என்றேன். எனக்கே கேட்கவில்லை. அடுத்து, கார்பன் காகிதத்தை உள்ளே வைத்து, உடம்புக்குப் பிடிப்பாக வர நாங்கள் தைக்கும் கோடுகளைத் துணியில் பதிக்கும் பல்சக்கரத்தை எடுத்து உருட்ட ஆரம்பித்தார். தெருத்தெருவாக உருட்டினார். 'டாக்டர் அம்மாவுக்கு இவ்வளவு பிடிப்பா? எங்க போய் முடியப்போகுதோ இந்த ஃபேஷன்' என்று முணுமுணுத்துக்கொண்டே கொல்லன் பட்டறையைத் தாண்டிப் போனார். முடித்துவிட்டு, துணியின் ஒரு முனையைப் பிடித்து வீசிப் பிரித்தார்.

ஊர் முழுசாக மேஜையில் விழுந்தது மாமா.

இரண்டு பக்கமிருந்தும் ஆறு வந்தது. பாதிக் கிணறு வட்டமாகிவிட்டது. மணிக்கூண்டு இரண்டு தோளோடு நின்றது. நான் வரையாத வீடுகள், நான் வரையாத தெருக்கள், எல்லாம் அங்கே ஏற்கெனவே இருந்தன, யாராவது வந்து பிரிக்கட்டும் என்று காத்திருந்ததுபோல. நான் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

'என்னடி இது? கோட்டுக்கு வால் வந்திருக்கு. கை எங்க? கழுத்து எங்க?' என்று அக்கா கத்தினார்.

'அது வால் இல்லக்கா, மலைப்பாதை' என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆற்றைச் சொன்னேன், சக்கரத்தைச் சொன்னேன், மூட்டை, வண்டி, பட்டறை, கழுதை வரைக்கும் சொன்னேன். அக்கா இடுப்பில் கை வைத்துக் கேட்டார். 'இவ்வளவு பேசுவியா நீ? எங்கிட்ட வந்ததுல இருந்து ம், ம்னுதானடி சொல்லிட்டு இருந்தே!' என்றார். அப்புறம் துணியில் ஒரு மூலையைத் தொட்டு, 'இந்த வீட்ல யாரு?' என்றார்.

'தையல்காரங்க.'

'கண்ணு நல்லாத் தெரியுமா அவளுக்கு?'

'தெரியலன்னு ஒத்துக்கமாட்டாங்க.'

அக்கா என்னை முறைத்தார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவர் டிராயரைத் திறந்து, தம்பி செய்துகொடுத்த கண்ணாடியை எடுத்து, முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஊரை ஒரு கோடி முதல் மறு கோடி வரை பார்த்தார். 'அடேயப்பா' என்றார். டாக்டருக்கு வேறு துணி எடுத்து வெட்டிக்கொண்டார். இதன் கோடுகள் அழிவதற்குள் நூல் போட்டு வை என்று ஆற்றுக்கு நீல நூல்கண்டு எடுத்துக் கொடுத்தார்.

ஆக, மாமா, எல்லாம் தயாராகிவிட்டது, என்னைத் தவிர. ஞாயிற்றுக்கிழமை அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், கொல்லனாகவும் சந்தைக்காரியாகவும் அந்த அண்ணன் தம்பியாகவும் நான் பேசவேண்டும். எல்லோரும் என் வாயையே பார்ப்பார்கள். வகுப்பில் பார்த்த அதே பார்வை. அன்று குரல் வராதது பள்ளிக்கூடத்தோடு போயிற்று. இப்போது வராவிட்டால் ஓர் ஊரே வாயடைத்து நிற்கும். அதனால்தான் ஹாரன் கேட்கிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். அம்மாவிடம் இதெல்லாம் சொல்ல வேண்டாம், சாப்பிடுகிறாள் என்று சொன்னால் போதும். உங்களுக்குப் போகும் பாதையெல்லாம் பள்ளமில்லாமல் அமையட்டும், பிரேக் சொன்ன பேச்சு கேட்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாய் திறக்காத மருமகள்

பின்குறிப்பு: இதை எழுதி முடித்துவிட்டு மிச்சமிருந்த நூல் வேலையை எடுத்தேன். அந்த அண்ணன் தம்பி வீட்டுப் பாதை, நான் வரைந்த பாதியில் வளைந்தே இருக்கிறது. மறுபாதியில் அக்காவின் உள்ளங்கை பட்டு அந்த இடத்துக் கோடு அழிந்துபோயிருந்தது. எப்படிப் போவதென்று தெரியாமல் ஊசியைக் குத்தினேன். அது நேராகப் போனது மாமா, ஒரு வீட்டு முற்றத்தில் நுழைந்து மறு வீட்டு முற்றம் வழியாகக் கிணற்றுக்கு. அந்தப் பக்கம் அவர்கள் பேசிக்கொள்கிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும், ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் சொல்லக்கூடாது. எனவே நீங்கள் வர வேண்டாம். இந்த வரிக்கு வருவதற்குள் கிளம்பிவிட்டீர்களென்றால் வாருங்கள், வண்டியைப் பின் தெருவில் நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே வந்து, திரைக்குப் பின்னால் இருக்கும் ஸ்டூலில் உட்காருங்கள், அது காலியாகத்தான் இருக்கும். ஹாரன் மட்டும் அடித்துவிடாதீர்கள். நான் பேசிக்கொண்டிருப்பேன்.